எதற்கு இயலாதவர்?

என் கணவரின் அக்காவுக்கு பஸ் டிப்போவில் வைத்திருந்த பெயர் ‘முடியாதக்கா’. எந்த டிரைவர் எந்த வண்டியை எந்தத் தடத்தில் ஓட்ட வேண்டும், யாருக்கு லீவு, யாருக்கு இரட்டை ஷிஃப்ட் என்று தீர்மானிக்கும் மேசை அவருடையது. கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். லீவு கேட்டு யார் வந்து நின்றாலும், வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “முடியாது.”

கேட்டவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். அதன் பிறகுதான் அண்ணியின் (நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) வேலை ஆரம்பிக்கும். சுவரில் மாட்டிய பலகையில் பெயர் வில்லைகளை இங்கும் அங்கும் மாற்றிப் பார்ப்பார். யாரிடமோ கெஞ்சுவார், யாருக்கோ டீ வாங்கிக் கொடுப்பார், சாயங்காலத்துக்குள் அந்த லீவை ஏற்பாடு செய்துவிடுவார். “மொதல்ல முடியாதும்பாங்க, அப்புறம் முடிச்சுக் குடுப்பாங்க” என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதலிலேயே சரி என்று சொன்னால் என்ன என்று நான் ஒரு முறை கேட்டேன்.

“சரின்னு சொல்லிட்டு முடியாமப் போச்சுன்னா என் வாய் பொய்யாயிடும். முடியாதுன்னு சொல்லிட்டு முடிஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அந்த வேலை இன்றும் என்னிடம் இருப்பதற்கே அண்ணியின் ஒரு ‘முடியாது’தான் காரணம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, லீவு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. என் மாமியார், “பேசாம வேலைய எழுதிக் குடுத்துடு. புள்ளைய யாரு பாத்துக்கறது?” என்றார். என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டு ‘அம்மா சொல்றதும் சரிதானே’ என்பதுபோல் இருந்தார். அப்போதுதான் டிப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணி, ஒரு கால் செருப்போடு அப்படியே உள்ளே வந்தார்.

“முடியாது. அவ வேலைய விட முடியாது.”

“அப்ப புள்ள?”

“நான் மதிய ஷிஃப்டுக்கு மாத்திக்கறேன். காலைல நான், அப்புறம் நீங்க. ஊருக்கே ட்யூட்டி போடறவ, என் வீட்டுக்குப் போடத் தெரியாதா?”

எனக்குத் தெரிந்து, தனக்காக அவர் அந்தப் பலகையைத் தொட்டது அந்த ஒரு முறைதான். என் மகள் பள்ளிக்குப் போகும் வயது வரை, காலைகளில் அவளைக் குளிப்பாட்டித் தலை வாரியவர் அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிப்போவுக்கு எதிர்த் தெருவில், மூன்றாவது மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். லிஃப்ட் கிடையாது. “படி ஏறுனா எனக்கு நல்லது, விருந்தாளி குறைஞ்சா வீட்டுக்கு நல்லது” என்பார்.

பல வருஷம் கழித்து, ஒரு மழைக்காலக் காலையில், ஜன்னல் வழியாக ஒரு டிரைவரிடம் வண்டிச் சாவியை நீட்டும்போது அவர் கையிலிருந்து சாவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பேச வந்தது, ஆனால் வார்த்தையாக வரவில்லை.

சாவியை வாங்க நின்றிருந்தவருக்கு டிப்போவில் பெயர் நத்தை. எத்தனை பேர் பின்னால் ஹார்ன் அடித்தாலும் வேகத்தைக் கூட்டாதவர். அந்த நத்தைதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அண்ணியைத் தூக்கினார். ஆம்புலன்சுக்கு போன் செய்தவர்கள் செய்துகொண்டிருக்க, அவர் அண்ணியைத் தன் காலி பஸ்ஸின் நீள சீட்டில் படுக்க வைத்து, ஒரு கண்டக்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முழு பஸ்ஸையும் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. எங்கே உடைந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. டிப்போவிலும் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“இவ்வளவு சீக்கிரம் கொண்டு வந்ததாலதான் உயிர் தப்பிச்சாங்க. மூளைல ரத்தக் குழாய் அடைச்சிருக்கு” என்றார் டாக்டர். நத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கொஞ்சம் வேகமா ஓட்டிட்டேன் டீச்சர்” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி கண் விழித்தார். வலது கையும் காலும் அசையவில்லை. நர்ஸ் குனிந்து, “பேர் சொல்லுங்கம்மா” என்று கேட்டாள்.

“முடியாது.”

“சரி, தண்ணி குடிக்கிறீங்களா?”

“முடியாது” என்று சொல்லிக்கொண்டே இடது கையை டம்ளரை நோக்கி நீட்டினார்.

நர்ஸ் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிடிவாதக்காரப் பெண்மணி போலிருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் வந்து பார்த்த பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கினாள். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள், கழுத்தில் அடையாள அட்டை, காலில் சத்தம் போடாத ஷூ.

“அவங்களுக்கு நாம பேசறது புரியுது. யோசிக்கறாங்க, ஞாபகம் இருக்கு. ஆனா வார்த்தைய எடுத்து வெளிய விடற இடம்தான் அடி வாங்கியிருக்கு. இந்த மாதிரி சில பேருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும். எதைச் சொல்ல நினைச்சாலும் அதுதான் வரும். அர்த்தத்தைப் பாக்காதீங்க, ராகத்தைக் கேளுங்க.”

ஆக, வாழ்நாள் முழுக்கப் பேசிய எத்தனையோ சொற்களில் அண்ணியிடம் ‘முடியாது’ ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

செய்தி டிப்போவுக்குப் போயிற்று. பார்வையாளர் நேரத்தில் ஐந்தாறு டிரைவர்கள் யூனிஃபார்மோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் நத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, “அக்கா, நாளைக்கு எனக்கு லீவு வேணும்” என்றார்.

“முடியாது!”

சொன்ன வேகத்தில் அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மற்றவர்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்களில் மலைபோல் இருந்த ஒருவர் மட்டும் அவசரமாக வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கியது சிரிப்பினால் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தரைத் தளம். மகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டதால் அவள் அறை காலியாக இருந்தது. நான் மெல்ல மெல்ல அந்த ஒரு சொல்லின் ராகங்களைக் கற்றுக்கொண்டேன். நீட்டி இழுத்தால் வலி. சட்டென்று வெட்டினால் போதும், எடு. மேலே தூக்கி முடித்தால் கேள்வி. கொஞ்சம் கொஞ்சலாக வந்தால் என் மகள் போனில் பேசுகிறாள் என்று அர்த்தம்.

எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாள் அவர் எதையோ சொல்ல முயன்று, நான் ஜன்னலா, ஃபேனா, போர்வையா என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் இருவரும் சோர்ந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கட்டை விரலைத் தூக்கினால் ஆமாம், கவிழ்த்தால் இல்லை என்று பயிற்சியாளர் பழக்கினாள். ஆரம்பத்தில் அதுவும் சில நேரம் மாறிப் போகும். “ஒரே சமயத்துல ரெண்டு கேள்வி கேக்காதீங்க, பதிலுக்கு அவசரப்படுத்தாதீங்க” என்பாள்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. டிப்போவின் மெடிக்கல் போர்டு, அண்ணியை ஓய்வில் அனுப்புவதற்காக ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு சொல்: ‘இன்கேபபிள்’. இயலாதவர். நத்தை ஒரு நாள் அண்ணியைப் பார்க்க வந்தபோது மேசை மேல் கிடந்த அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

“டீச்சர், இந்த வார்த்தை எனக்குத் தெரியும். குடிச்சிட்டு ரோட்ல விழுந்து கெடந்தா போலீஸ் இதத்தான் எழுதும். ‘ட்ரங்க் அண்ட் இன்கேபபிள்’. எங்க டிப்போல ஒருத்தருக்குப் போட்டு, அக்கா அவருக்கு ரொம்ப நாள் வண்டியே குடுக்கல. அக்கா டீயைத் தவிர ஒண்ணும் தொட்டதில்லையே, அவங்களுக்கு எதுக்கு இது?”

அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். ஆனால் சொல் போகவில்லை. பேங்கில் அண்ணியின் இடது கைக் கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்றார்கள். பென்ஷன் நின்றது. மாடி வீடு பூட்டிக் கிடந்தது. என் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் துடைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு வக்கீலைப் பார்த்தார். கோர்ட்டில் ‘இவர் இயலாதவர்’ என்று அறிவிக்கச் செய்து, தம்பியைக் கார்டியனாகப் போட்டுவிட்டால் எல்லாம் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும், மாடி வீட்டையும் விற்றுவிடலாம் என்று வக்கீல் சொன்னார்.

மனுவின் நகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வைத்து இவர் அக்காவுக்குப் படித்துக் காட்டினார். மறைத்துச் செய்ய அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “இன்கேபபிள்னு போட்டிருக்காங்கக்கா. அது சும்மா ஒரு சட்ட வார்த்தை. நீ மனசுல வெச்சுக்காத.”

அண்ணி எதிரே இருந்த சூப் கிண்ணத்தை இடது கையால் தூக்கி, அந்தத் தாளின் மேல் வைத்தார். பிறகு நிதானமாகக் குடித்து முடித்தார். எடுத்தபோது தாளில் வட்டமாக ஒரு கறை.

சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் பேச்சை எடுத்தேன். இவர் துணியால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த வாக்கியம் தப்புங்க. அதுக்குப் பின்னாடி ‘ஆஃப்’ வரணும்.”

“எது ஆஃப் ஆகணும்?”

“ஃபேன் ஆஃப் இல்லைங்க. இன்கேபபிள் ஆஃப். எதுக்கு முடியாதுன்னு சொல்லணும். நடக்கவா? பேசவா? முடிவு எடுக்கவா? எதுக்குன்னு சொல்லாம வெறுமனே இயலாதவர்னு விட்டா, ஆளையே மொத்தமா அழிச்ச மாதிரி.”

“கோர்ட்டுல இலக்கணமா பாக்கறாங்க?”

“அதே வார்த்தைக்கு வேற முகமும் இருக்குங்க. ‘இன்கேபபிள் ஆஃப் லையிங்’னா பொய் சொல்லவே வராதவங்கன்னு அர்த்தம். துரோகம் பண்ண இன்கேபபிள், கஞ்சத்தனம் பண்ண இன்கேபபிள். எல்லாம் பாராட்டு. உங்க அக்காவுக்கு அந்த வரிசைல எத்தனையோ எழுதலாம். நீங்க எதையுமே எழுதாம முற்றுப்புள்ளி வெச்சிருக்கீங்க.”

இவர் கையிலிருந்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“அப்பா போனப்ப எனக்கு மீசைகூட முளைக்கல. அக்காதான் டிப்போவுக்குப் போயி என்னை ஆளாக்கினா. அவளுக்கு ஏதாவது கெடுதல் பண்ணுவேன்னு நினைக்கறியா?”

“இல்லவே இல்ல.”

“பின்ன? அவ வாய் கோணிப் போயி ஒரு டம்ளரக் காட்டறதுக்குத் தவிக்கறப்ப என்னால பாக்க முடியல. இதையாவது முறையா முடிச்சு வெச்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்னு பாக்கறேன். எனக்கே நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளுக்கு யாரு?”

அவர் பயந்திருந்தார். பயந்தவரோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் வரவில்லை. மனு கோர்ட்டுக்குப் போயிற்று.

விசாரணை நாளன்று நான் பள்ளிக்கு லீவு போட்டேன். நத்தை தன் மச்சானிடம் ஒரு வேனை இரவல் வாங்கி வந்திருந்தார். அண்ணியை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டார். “உனக்கு இன்னிக்கு ட்யூட்டி இல்லையா?” என்று இவர் கேட்டார்.

“அக்கா இடத்துல புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. கேட்ட உடனே சரின்னுட்டாரு. வாங்குன லீவு லீவு மாதிரியே இல்ல சார்” என்றார் நத்தை.

அது சினிமாவில் வருவதுபோன்ற கோர்ட் இல்லை. ஒரு நீள அறை, சுழலும்போது கிறீச்சிடும் ஒரு ஃபேன், மூடி போட்ட தண்ணீர் ஜாடி. நீதிபதி ஒரு பெண்மணி. கடுமையான ஜலதோஷம் அவருக்கு. மூக்கைத் துடைத்துக்கொண்டே மனுவைப் படித்தார். எங்கள் வக்கீல் நான்கு வரியில் விஷயத்தைச் சொல்லி, மெடிக்கல் போர்டு சான்றிதழையும் காட்டினார். நீதிபதி தலையசைத்தார். “குடும்பத்துல யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?” வழக்கமாகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். முன்கூட்டியே தீர்மானித்து வந்ததில்லை. கால் தானாக எழுந்தது. இவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

“நீங்க யாரும்மா?”

“மனு போட்டிருக்கிறவரோட மனைவி. இங்கிலீஷ் டீச்சர்.”

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி கைக்குட்டையை இறக்கினார்.

“உங்க ஆட்சேபம் என்ன?”

“அந்தச் சொல்லுக்குப் பின்னால எதுக்குன்னு எழுதலைங்க. அவங்களால பேச முடியாது. வலது கையால கையெழுத்துப் போட முடியாது, மாடி ஏற முடியாது. அதெல்லாம் எழுதட்டும். ஆனா தன் வீடு தனக்கு வேணுமா வேண்டாமான்னு அவங்களுக்குத் தெரியும். அதை அவங்க கிட்டயே கேக்கலாம். என் வீட்டுக்காரர் நல்லவரு. அவர் மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. வாக்கியம் முடியலைங்கறதுதான் என் புகார்.”

பல வருஷமாகப் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்துப் பதில் கேட்டவள் நான். நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நீதிபதி இருக்கையை விட்டு இறங்கி வந்து, அண்ணியின் சக்கர நாற்காலிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் இருக்கும் திசையை நோக்கி நான் இன்றும் கை கூப்புவேன். பேச்சுப் பயிற்சியாளரும் வந்திருந்தாள். கட்டை விரல் முறையைச் சொன்னாள்.

“நான் சொல்றது புரியுதாம்மா?”

“முடியாது” என்றார் அண்ணி. கட்டை விரல் மேலே போயிற்று. எங்கள் வக்கீலின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

“இவர் உங்க தம்பிதானே?”

கட்டை விரல் மேலே.

“உங்களை நல்லா பாத்துக்கறாரா?”

அண்ணி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “முடியாது… முடியாது…” என்றார், சின்னப் பையனைத் தூங்க வைக்கிற மாதிரி. அதற்குக் கட்டை விரல் தேவைப்படவில்லை. இவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

“உங்க பணத்தையெல்லாம் நீங்களே எண்ணிப் பாத்துச் செலவு பண்ண முடியுமா?” என்று கேட்டு, நீதிபதி மேசையிலிருந்து சில நோட்டுகளை எடுத்து நீட்டினார். அண்ணி முயன்றார். பத்தையும் நூறையும் பிரிக்க வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார், கலைத்தார், மறுபடி வைத்தார். ஒரு டிப்போவின் அத்தனை வண்டிகளையும் மனக்கணக்காக வைத்திருந்தவர். அவர் முகம் சிவந்தது. நோட்டுகளை மடியில் விட்டுவிட்டார். இதைக் கேட்க வைத்தது நான்தானே என்று தோன்றியது.

நீதிபதி அவசரப்படவில்லை. “இதுக்கு உங்க தம்பி உதவி பண்ணலாமா?”

அண்ணி மூச்சை இழுத்து விட்டார். கட்டை விரல் மேலே போயிற்று.

“சரி. உங்க மாடி வீட்டை வித்துடலாமா?”

“முடியாது!”

அறை முழுக்க எதிரொலித்தது. தட்டச்சு செய்பவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பயிற்சியாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்மா” என்றார். பிறகு தும்மினார்.

எங்கள் வக்கீல் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணியும் ஒரு பக்கமாகச் சிரித்தார்.

உத்தரவை நீதிபதி அங்கேயே சொல்லச் சொல்ல டைப் செய்தார்கள். பேசவும், வலது கையால் எழுதவும், கணக்குப் பார்க்கவும் இவர் இயலாதவர். புரிந்துகொள்ளவும், தன் விருப்பத்தைத் தெரிவிக்கவும் இயன்றவர். ஆகவே கார்டியன் தேவையில்லை. பேங்க் காரியங்களுக்குத் தம்பி உதவியாளர். சொத்து விஷயத்தில் இவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. இடது கைப் பெருவிரல் ரேகை செல்லும். கடைசியில் என் கணவரைப் பார்த்து, “உங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. உங்க வீட்ல இலக்கணம் தெரிஞ்சவங்க இருக்காங்க. அது நல்லதுதான்” என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணியைப் படுக்க வைத்த பிறகு, நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு இவர் வந்து நின்றார்.

“கோர்ட்டுல எழுந்தப்ப உன் மேல அப்படிக் கோவம் வந்துச்சு.”

“தெரியும்.”

“நீ எழுந்திருக்கலன்னா நான் ஜெயிச்சிருப்பேன்.”

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய், என் அலமாரியில் அவரே அடுக்கி வைத்தார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் வாயால் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அன்று நான் அந்தத் துணி அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது! கண்ணாடி உடைய ஓட்டியவருக்கு, ராகத்தைக் கேளுங்கள் என்றவளுக்கு, இருக்கையை விட்டு இறங்கியவருக்கு. ஒரு கால் செருப்போடு உள்ளே வந்தவருக்கு மட்டும் எப்படிச் சொல்லித் தீர்ப்பது என்று தெரியவில்லை.

அதன் பிறகு பேங்க் வேலைகள் மெல்ல நடந்தன. இவர் ஒவ்வொரு தாளையும் அக்காவிடம் காட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டு, விரல் மேலே போகிற வரை காத்திருப்பார். அவசரக்காரருக்கு அது பெரிய தண்டனைதான். ஆனால் நாளாக ஆக, தாள் இல்லாத நேரத்திலும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்க ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்களின் கதை, சின்ன வயதில் நடந்தது, எல்லாம். அண்ணி விதவிதமான ராகத்தில் பதில் சொல்வார்.

வெயில் காலம் வந்ததும் அண்ணிக்குத் தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இந்த முறை எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நத்தையும் இன்னும் மூன்று டிரைவர்களும் வந்தார்கள். ஒரு கட்டை நாற்காலியில் அண்ணியை உட்கார வைத்துக் கட்டி, ஆளுக்கொரு காலாகப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார்கள். “ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு… லெஃப்ட்ல இடிக்குது” என்று ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். வராந்தாவில் தனியே போய் அழுத அந்த மலை மனிதர்தான் கீழ்ப்பக்கம் முழு பாரத்தையும் தாங்கினார்.

கதவைத் திறந்ததும் தூசி வாடை. இவர் உள்ளே ஓடி ஜன்னல்களைத் திறந்தார். குழாயைத் திறந்து பார்த்தார், சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்தார், பூட்டிக் கிடந்த வீட்டில் எலி வந்திருக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தார். டிரைவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அண்ணியை ஜன்னல் பக்கம் இறக்கி வைத்தோம். கீழே தெருவில் பஸ்கள் திரும்புவது தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அறைக்குள் அலைந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

அவர் வாய் அசைந்தது. வழக்கமான சொல் வரப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் உதடு வேறு மாதிரி குவிந்தது.

“உ…”

எல்லோரும் திரும்பினோம்.

“உக்… கா… ரு.”

பயிற்சியாளர் அவருக்குப் பழக்கிக்கொண்டிருந்தது ‘தண்ணி’யும் ‘வலி’யும். இந்தச் சொல்லை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

இவர் கையில் விளக்குமாற்றோடு நின்றார். பிறகு தூசி, துணி எதையும் பார்க்காமல், நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து நத்தை உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினார்கள். நான் மட்டும் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட அடுப்பைப் பற்ற வைத்தேன். டப்பாவில் தூள் கட்டி தட்டிப் போயிருந்தது. கரண்டியால் உடைத்துப் போட்டேன். அறையிலிருந்து அண்ணியின் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை கொஞ்சம் தெளிவாக, என்னைக் கூப்பிட்டு.

“உக்காரு.”

“இதோ வரேன் அண்ணி” என்றேன். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது.